சாவியைத் திருப்பினால் டிக் டிக்

அப்பாவிடமிருந்து போன் வந்தபோது என் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை கிரீஸ்.

பயிற்சி நிலையத்தில், சக்கரம் கழற்றிய ஒரு காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பிரேக்கைப் பிரித்து மாட்டும் பாடம். மேசை மேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. கீழே விழுவதற்குள் நெட்டையன் பிடித்தான். என்னோடு படிக்கிறவன்.

"அப்பான்னு போட்டிருக்கு," என்றான்.

நான் நம்பவில்லை. திரையை என் மூக்குக்கு நேரே கொண்டுவந்து காட்டினான்.

அப்பா என்னோடு பேசி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

சட்டப் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டேன், கார் மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்ன அன்றோடு சரி. அதன் பிறகு எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் அம்மா வழியாகத்தான். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். வக்கீலம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு என்பார். அம்மா கேட்பாள். போதும்னு சொல்லும்மா என்பேன். அம்மா சொல்வாள். பாவம், அவள் சாப்பாடுதான் ஆறிப் போகும்.

வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் இன்னும் வக்கீலுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் மோசமாகப் படித்தேன் என்றில்லை. மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் வகுப்பில் ஒருநாள்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தால்தானே சந்தேகம் வரும்?

ஒருநாள் கல்லூரிப் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நிழல் தேடிப் போனார்கள். நான் ஓட்டுநர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வேலை பார்த்த முக்கால் மணி நேரமும் இது என்ன, அது எதற்கு என்று கேட்டே மனிதரின் உயிரை வாங்கிவிட்டேன். பேருந்து கிளம்பியபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

"எடுக்கவா, வேணாமா?" என்றான் நெட்டையன்.

தலையாட்டினேன். ஸ்பீக்கரைப் போட்டு என் காதருகே பிடித்தான்.

அப்பா ஹலோகூடச் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கார் ஒண்ணு நின்னு போச்சு. சாவியைத் திருப்பினா டிக் டிக்குங்குது. கிளம்ப மாட்டேங்குது. என்னவா இருக்கும்?"

இத்தனை நாளும் அவரிடம் சொல்வதற்கென்று என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். அந்த டிக் டிக் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டது.

"உள்ளே விளக்கு எரியுதாப்பா?"

மங்கலாக எரிகிறது என்றார். ஹாரனை அடித்துப் பார்க்கச் சொன்னேன். சளி பிடித்த தொண்டைபோல அது முனகியது எனக்கே கேட்டது.

சாவியை எடுத்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னேன். பேட்டரி எப்படி இருக்கும் என்று சொன்னேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கழற்றினார். ஏன் எதற்கு என்று அப்பா கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"கறுப்புக் கம்பியோட தலையைக் கைக்குட்டையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க."

"ஆடுது!" திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குரல். "விழப் போற பல்லு மாதிரி ஆடுது. மேல வெள்ளையா ஏதோ பூத்திருக்கு."

அதைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள் என்றேன். தலையை நன்றாக அழுத்தி, இப்படியும் அப்படியும் திருகி உட்கார வைக்கச் சொன்னேன். சொல்லும்போது என் கையும் காற்றில் திருகியது. நெட்டையன் தன் சட்டையைக் காப்பாற்றிக்கொள்ளத் தள்ளி நின்றான்.

சிறிது நேரம் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இப்போது போட்டுப் பாருங்கள் என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

ஒரு செருமல். இரண்டாவது செருமல். என்ஜின் பிடித்துக்கொண்டது.

நெட்டையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் குனிந்துகொண்டேன்.

"வழியில எங்கேயும் அணைக்காம நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போகணும்ப்பா. அந்த இடத்தைச் சுத்தம் பண்ணி முடுக்கணும்."

அப்பா அதை அப்படியே, ஒரு சொல் விடாமல், யாருக்கோ ஒப்பித்தார். ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ரொம்ப நன்றி சார். நீங்களா வந்து கேக்கலைன்னா இன்னும் இங்கேயே நின்னுக்கிட்டிருப்பேன். தெரிஞ்ச மெக்கானிக்கா?"

வண்டிகள் போகும் சத்தம் மட்டும் வந்தது.

"என் பொண்ணுங்க," என்றார்.

பிறகு போனை வாய்க்கருகே கொண்டுவந்திருக்க வேண்டும். குரல் பெரிதாகக் கேட்டது.

"சரி, நீ வேலையைப் பாரு."

வைத்துவிட்டார்.

நெட்டையன் போனைத் துணியால் துடைத்து மேசையின் நடுவில் வைத்தான். "உங்க வீட்டு வண்டி என்ன வண்டி?" என்று கேட்டான்.

"எங்க வீட்டுல ஏது வண்டி?" என்றேன். "அப்பா பஸ்லதான் போவாரு."