வால்வு இல்லாத தொட்டி

“ஏழு. எட்டு. இங்க ஒன்பது.”

பல் டாக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு, மில்லிமீட்டரில் ஆழம் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றைத் தாண்டக் கூடாதாம்.

நாற்காலியில் மல்லாந்திருந்த பம்ப் மெக்கானிக்கின் கீழ்வரிசையில் நான்கு பற்கள் ஆடின.

விஷயம் அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. உடம்பு ஒரு தொட்டி. இரும்பு உள்ளே வரக் குழாய் உண்டு. மிஞ்சியதைத் திறந்துவிட வால்வு கிடையாது. மற்றவர்களுக்குத் தேவை தீர்ந்ததும் குழாய் தானே மூடிக்கொள்ளும். அவன் பரம்பரையில் அது மூடுவதில்லை. மிஞ்சியது கல்லீரலில் படிந்தது. ஈறு வரை வந்து அங்கிருந்த கிருமிகளுக்கும் தீனியானது.

கல்லீரல் இனித் தேறாது என்று போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

“இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது போட்டீங்களா?” அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டியபடி பல் டாக்டர் கேட்டார்.

“இல்ல டாக்டர்.”

ஒன்பது வருஷம் போட்டிருந்தான். அவன் பல் தேய்க்கையில் வாஷ்பேசினில் விழுந்த ரத்தத்தைப் பார்த்து, தம்பிக்கு ரத்தம் குறைகிறதே என்று அக்கா தினமும் கையில் வைத்த மாத்திரை. அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள். தொட்டியை இத்தனை சீக்கிரம் நிரப்பியது தன் கை என்று தெரிந்தால் அன்றோடு ஒடிந்துபோவாள். வியாதியின் பெயரைக்கூட அவளிடம் சொல்லவில்லை. ஒரு மாதமாக மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, அவள் திரும்பியதும் துப்பிவருகிறான்.

“கூடப் பிறந்தவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. பொம்பளைங்களுக்கு மாசாமாசம் ரத்தம் போறதால, அது நின்னப்புறம் லேட்டாத்தான் தெரியும்.”

அக்காவுக்கு ஐம்பத்தாறு. கல்லு மாதிரி இருக்கிறாள், அவளுக்கென்ன என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே பெஞ்சில் அக்கா காத்திருந்தாள். அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, பாட்டிலை வாயில் வைத்து இரண்டு மடக்கு குடித்தாள்.

“என்னடா முழிக்கிற? தினம் நீ வேலைக்குப் போனதும் நானும் ஒன்னு போட்டுக்குவேன். உனக்கு மட்டுந்தான் ரத்தம் ஊறணுமா?”

பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு.

அவன் இன்னும் அதில் வாய் வைக்கவில்லை.