ஆவுடையப்பன் போட்ட மூட்டம்

கொட்டகைக் கதவில் கை வைத்த ஆவுடையப்பன் அதைத் தள்ளாமல் நின்றார். உள்ளே கொட்டகை நிறையப் பூவன் வாழைத்தார்கள். எல்லாம் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். அவருக்குத் தெரியாதா என்ன?

நாளைக்கு மகள் பிரகதீஸ்வரிக்கு நிச்சயதார்த்தம். கடைப்பழம் ஒன்றுகூடத் தன் பந்திக்குள் வராது, எல்லாம் தோட்டத்துப் பழந்தான் என்று திருமயத்துச் சம்பந்தியிடம் மீசையை முறுக்கிச் சொன்னவர் அவர்.

தாரை வெட்டி அடுக்கியதோடு சரி. சருகைப் புகையவிட்டு, கதவைச் சாத்தி மூட்டம் போட்டால்தானே காய் பழுக்கும்? பந்தல், சமையல் என்று அலைந்ததில் அது சுத்தமாக மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி மீனம்மாள் கேட்டபோது, வாய் கூசாமல் போட்டாச்சு என்று சொல்லிவிட்டார். மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம்தான்.

மறுநாள் பார்த்துக் கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் தைலமரக்காடு பற்றிக்கொண்டது. மூன்று நாளாய்க் கீரமங்கலமே இருமியது. கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியவில்லை. அந்தப் புகையை அவர் திட்டாத திட்டில்லை.

"தொறங்க, என்ன யோசனை?" மீனம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கதவைத் தள்ளினார்.

பழவாசனை ஆளைத் தூக்கியது.

தார் தாராய் மஞ்சள். ஒரு சீப்பில்கூடப் பச்சை இல்லை.

ஓட்டு இடுக்கெல்லாம் சாம்பல் படிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. காட்டுப்புகை உள்ளே புகுந்து, கொட்டகைக் காற்றையே மாற்றியிருக்கிறது. ஊரை மூச்சுமுட்ட வைத்த அதே புகையில்தான் காயைக் கனியவைக்கும் வாயுவும் இருந்திருக்கிறது. ஒரு சட்டிச் சருகே செய்கிற வேலை. காடே எரிந்தால் கேட்க வேண்டுமா!

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷத்தில் ஒரு ஆட்டம் போடலாம்போல் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எப்புடி நம்ம மூட்டம்?"

மீனம்மாள் ஒரு பழத்தை உரித்துத் தின்றாள். நல்ல ருசி என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா, ஞாயித்துக்கெழமையே போன் போட்டுச் சொன்னீங்கள்ல, பூவன் பழம்? கொண்டாந்துட்டேன். எங்கிட்டு எறக்க?"

ஆவுடையப்பன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்கும், உரித்த பழம் ஒன்றை அவள் அதற்குள் வைப்பதற்கும் சரியாக இருந்தது.