திருப்பி எறி!

"எறிய மாட்டேன்!" என்று பந்தை மார்போடு அணைத்துக்கொண்டார் நொவாட்னி.

சிகாகோ பேஸ்பால் மைதானத்தின் இடப்பக்கத் திறந்தவெளி பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"திருப்பி எறி! திருப்பி எறி!"

எதிரணிக்காரன் எல்லைச் சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து இந்தப் பெஞ்சுகளில் வந்து விழுந்தால், பிடித்தவர் அதை உடனே மைதானத்துக்குள் வீசிவிட வேண்டும். எதிரியின் பந்து எங்களுக்கு எச்சில் என்று காட்டும் வழக்கம் அது. அதிலும் இன்று அடித்தவன் பரம வைரியான செயின்ட் லூயிஸ் அணிக்காரன்.

நொவாட்னிக்கு வழக்கம் தெரியாமல் இல்லை. எத்தனையோ பேரைப் பார்த்து அவரும் இப்படிக் கத்தியவர்தான். ஆனால், கல்யாணமான வருடத்திலிருந்து ஆட்டப் பருவம் தொடங்கும் ஒவ்வொரு ஏப்ரலிலும் தோல் கையுறையோடு வந்து காத்திருக்கிறார். ஒரு பந்துகூட அகப்பட்டதில்லை. வரவேற்பறையில் ஆசையாக வாங்கி வைத்த கண்ணாடிப் பெட்டி காலியாகவே இருக்கிறது. வருகிற மைத்துனர்களெல்லாம், "உள்ளே என்ன, காத்தா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இன்றும் பந்து கையுறையில் படவில்லை. பக்கத்தில் கம்பளிக்குள் சுருண்டிருந்த மனைவி மார்ஜரியின் மடியில்தான் விழுந்தது. விழுந்தால் என்ன, குடும்பச் சொத்துதானே!

"யோவ் நொவாட்னி!" பின்வரிசையிலிருந்து இடித்தது லாயிட் கெம்ப்பின் குரல். குளிர்காலம் முழுவதும் நகரத்தின் ஹாக்கி அணிக்கும் கூடைப்பந்து அணிக்கும் கத்திவிட்டு, மிச்சத் தொண்டையை ஏப்ரலில் பேஸ்பாலுக்கு எடுத்து வருகிற ஆள். "நீ சிகாகோவுலதான் பொறந்தியா, இல்ல செயின்ட் லூயிஸ்லேர்ந்து பார்சல்ல வந்தியா?"

"லாயிட், வார்த்தையை அளந்து பேசு. எனக்குக் கிடைச்ச மொத பந்துய்யா இது!"

"அது எதிரி பந்து! கொண்டுபோனா வீடு வெளங்குமா?"

"கண்ணாடிப் பெட்டியிலதான் வைக்கப் போறேன். சூப்புலயா போட்டுக் குடிக்கப் போறேன்?"

அப்போது ஒலிபெருக்கி அறிவித்தது: "செயின்ட் லூயிஸ் அணியின் புதுமுகம் டெவின் ஹார்லன்! இது அவர் அடித்த முதல் ஹோம் ரன்!"

பெஞ்சுகள் ஒரே குரலில் ஊளையிட்டன. லாயிட்டுக்கு வெறியே பிடித்துவிட்டது. கையிலிருந்த ஹாட் டாக்கை அப்படியே போட்டுவிட்டு, பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்தார்.

"எறிய்யா! இப்பவே எறி! சுவத்துல படாம, நல்லா உள்ள போய் விழணும்! எறியலேன்னா நாளைக்கு இந்தப் பக்கம் தலையே காட்ட முடியாது, சொல்லிட்டேன்!"

"எறி! எறி!" என்று கூட்டம் தாளம் போட்டது. யாரோ வீசிய பாப்கார்ன் நொவாட்னியின் தொப்பியில் மழையாகப் பொழிந்தது.

மார்ஜரி கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "எறிஞ்சு தொலைங்க. பந்து இல்லாம இத்தனை வருஷம் வாழ்ந்துட்டோம்; பல்லு இல்லாம வாழ முடியாது."

நொவாட்னி பந்தை ஒரு முறை தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு வீசினார்.

பெஞ்சுகள் அதிர்ந்தன. பந்தை எடுத்த உள்ளூர் ஆட்டக்காரர், அதை எதிரணியினர் உட்கார்ந்திருந்த பக்கமாகத் தூக்கிப் போட்டார். அங்கே யாரோ பிடித்துக்கொண்டார்கள். அதோடு முடிந்தது கண்ணாடிப் பெட்டியின் யோகம்.

மீதி ஆட்டத்தை நொவாட்னி பார்க்கவே இல்லை. லாயிட்டுக்குச் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். 'தன் ஊரை நேசிக்க வேண்டுமானால் அடுத்த ஊரை வெறுத்தாக வேண்டும் என்று யார் விதித்தது? ஒரு மனிதனின் எளிய மகிழ்ச்சியைக் காலில் போட்டு மிதித்துத்தான் ஒரு கொடியை உயர்த்த முடியுமென்றால், அந்தக் கொடி கம்பத்திலேயே கிழிந்து போகட்டும்! லாயிட், அன்பில்லாத விசுவாசம் வெறும் கூச்சல்!'

கடைசி வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்திருந்தது.

ஆட்டம் முடிந்தது. உள்ளூர் அணி தோற்றது. ஏப்ரல்தானே, இன்னும் நாள் இருக்கிறது என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு கூட்டம் கலைந்தது.

"ரயிலுக்கு நேரமாச்சு, வாங்க," என்றாள் மார்ஜரி.

"இரு. அந்த ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லாம நான் ரயில் ஏற மாட்டேன்."

படிக்கட்டுக்குக் கீழே, சாத்திய தின்பண்டக் கடையின் மறைவில், முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தார் லாயிட். காதில் கைபேசி. நொவாட்னி தொண்டையைச் செருமிக்கொண்டு நெருங்கினார்.

லாயிட்டின் குரல் கட்டிப்போய்க் கரகரத்தது:

"அழாதே அக்கா, மொத ஹோம் ரன் பந்து பத்திரமா உன் பையன் டெவின் கைக்கே போயிடுச்சு, என் கண்ணால பார்த்தேன்... இல்லக்கா, அந்த நொவாட்னி தங்கமான மனுஷன், நல்லவிதமா கேட்டிருந்தா குடுத்திருப்பார். ஆனா நீ செயின்ட் லூயிஸ்காரனைக் கட்டிக்கிட்டதையே நான் இன்னும் இங்க யார்கிட்டயும் சொல்லல, அந்த ஊர்ப் பையனுக்காகப் பந்து கேட்டேன்னு தெரிஞ்சா எங்க பெஞ்சுக்காரங்க பந்தை விட்டுட்டு என்னையில்ல தூக்கி எறிஞ்சிருப்பாங்க!"