ஒரே காடு, இரண்டு முறை

“ஒன்று புள்ளி ஆறு” என்று தராசக்கா சொன்னதும், இயக்குநரின் வாய்வரை போன டீ அங்கேயே நின்றது.

தராசக்கா என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். ஊர் ஓர் ஆண்டில் தின்பது, எரிப்பது, வெட்டுவது, புகையாக விடுவது எல்லாம் ஒரு பக்கம். ஊரின் மண்ணும் நீரும் மரமும் அதே ஆண்டில் திரும்ப விளைவித்துத் தருவது மறுபக்கம். இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை.

சமமாக இருந்தால் ஒன்று. ஒன்றைத் தாண்டினால், ஊர் விதைநெல்லைச் சமைத்துத் தின்கிறது என்று பொருள்.

தாண்டிய ஊரில் மரம் வெட்டும் ஆலைக்கு அனுமதி கிடையாது. சட்டம் அப்படி.

போன வருடம் வந்தது புள்ளி ஒன்பது. அதை நம்பி, மலையடிவாரக் காட்டில் பலகை ஆலைக்குக் கோடு கிழித்து, கயிறு கட்டி, வெட்டப்போகும் மரங்களுக்குச் சிவப்பு மை பூசியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக் கூட்டத்தில் இந்த வருட எண்ணும் ஒன்றுக்குள் என்று வாசித்துவிட்டால் ரம்பம் இறங்கிவிடும்.

“ஒரே வருஷத்துல ஊருக்கு இன்னொரு வயிறு முளைச்சிடுச்சாக்கா?”

இயக்குநர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். கோபத்திலும் அந்த ‘அக்கா’வை விட மாட்டார். அவளும் ‘சார்’ போடத் தவற மாட்டாள்.

“ஊரு அப்படியேதான் சார் இருக்கு. போன வருஷக் கணக்குதான் தப்பு. அந்தக் காட்டை மரத்துக்கு ஒரு தடவை, புகையை உறிஞ்சறதுக்கு ஒரு தடவைன்னு ரெண்டு தடவை சேர்த்திருக்கு. வெட்டி நாற்காலி செஞ்ச மரம், எழுந்து வந்து புகை குடிக்குமா?”

அறைக்கு வெளியே யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். போன வருட எண்ணையே அச்சடித்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பேசாம இதுல கையெழுத்துப் போடுங்க. தப்பு வெளிய வந்தா, பண்ணின ஆளு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ரிடையர் ஆக எட்டு மாசம் இருக்கு. பென்ஷனும் கைவிட்டுப் போயிடும். பாவமில்லையா?”

தராசக்கா கொஞ்சம் யோசித்தாள்.

“பாவம்தான் சார். அதுக்காக ஒரு காட்டையே வெட்டிடலாமா?”

தாளைக் குப்புறக் கவிழ்த்தாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பிழைத் திருத்தப் படிவத்தை உருவினாள். அந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் தொடாத படிவம். தூசி தட்டித்தான் எழுத வேண்டியிருந்தது.

பிழை: ஒரே காடு இரண்டு முறை சேர்க்கப்பட்டது. போன வருடத்துக்கும் சரியான எண்: ஒன்று புள்ளி ஆறு.

கடைசிக் கட்டம், ‘பிழை செய்தவர்.’

“வேணாம்க்கா” என்றார் இயக்குநர். இந்தத் தடவை குரலில் மிரட்டல் இல்லை.

தராசக்கா அதில், போன வருடக் கணக்கின் அடியில் இருந்த அதே பெயரை, தன் பெயரை, இனிஷியலோடு, நிறுத்தி எழுதினாள்.

கூட்டத்துக்கு இருபது பேர் வருகிறார்கள். இருபது நகல் எடுக்கப் போனாள்.