இந்த ஆட்டத்தில் ஜெயித்தால்

ஆஸ்பத்திரிக் கழிப்பறையின் கதவைச் சுகந்தி இரண்டு கையாலும் அடித்தாள். தாழ்ப்பாள் குலுங்கியதே தவிர, உள்ளே செல்போனோடு உட்கார்ந்திருந்த தம்பி அசையவில்லை.

“கோகுல், வெளிய வாலே! ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“எதுவும் சொல்லாதக்கா! நடுவுல பேசினா ராசி போயிரும். இந்த ரம்மியில ஜெயிச்சா அப்பா கண்ணு முழிச்சிருவாருன்னு நேந்திருக்கேன்.”

“எல்லாரும் சாமிகிட்ட நேந்துக்கிடுவாங்க. நீ செல்போன்கிட்டயாலே நேந்துக்கிட்ட? வெக்கங்கெட்டவனே!”

கதவை எட்டி உதைத்தாள். வயிற்றைப் பிடித்தபடி பின்னால் காத்திருந்த ஒருவர், “இன்னும் நல்லா உதைங்கம்மா” என்றார்.

உள்ளே ஒரு கூச்சல் கேட்டது. கதவு திறந்தது. கோகுலின் கண்கள் சிவந்திருந்தன. முகம் மட்டும் புது மாப்பிள்ளை போல ஜொலித்தது.

“ஜெயிச்சுட்டேன்க்கா! இனிமே அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

சுகந்தி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள்.

“அப்பா முழிச்சு அரைமணி நேரமாச்சுலே! கோகுல் எங்கே, கோகுல் எங்கேன்னு கேட்டுக்கிட்டே கிடக்காரு. அதைச் சொல்லத்தான் கதவை உதைச்சேன்.”

கோகுல் வாயைப் பிளந்தான். மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டான். பிறகு அவன் முகம் முன்னைவிடப் பிரகாசமானது.

“அப்படின்னா அப்பாவை எழுப்பினது போன ஆட்டம்க்கா! அதுவும் நான் ஜெயிச்சதுதான்.”