முன்வரிசையில் ஒரு கண்ணீர்

பேராசிரியர் நவரட்ணம் முப்பது வருடமாக மெக்சிகோவின் மாயா மக்களின் பழங்காலக் கட்டடங்களைப் பற்றி ரொறன்ரோவில் இலவசமாகப் பேசி வருகிறார். வழக்கமாக ஏழு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள். ஓய்வு பெறுமுன் தமிழர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில் பேசிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அன்று அஜின்கோர்ட் மண்டபத்துக்குள் நுழைந்தால், இருநூறு பேர்! வாசலில் நின்ற டிலக்சன் என்ற இளைஞன் அவருடைய கோட்டையும் சூட்டையும் பார்த்ததுமே பெயரைக் கேட்டு, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டான்.

"காட்டுக்குள்ளே மலைபோல ஒரு கட்டடம். உள்ளே இறங்கினால் ஓர் அரசன் உறங்குகிறான். அவனை நேசித்தவர்கள் கல்மேல் கல்லாக எழுப்பியது அது," என்று முழங்கினார்.

ஒரு கைபேசிகூட ஒலிக்கவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தன் இனம் கடைசியில் தன்னைப் புரிந்துகொண்டது என்று நவரட்ணம் சபையை நோக்கிக் கைகூப்பினார்.

மேடையிலிருந்து இறங்கியதும் பார்த்தால், அவரைப் பேச அழைத்தவர்களிடமிருந்து கைபேசியில் செய்தி வந்திருந்தது: 'சேர், எங்க நிக்கிறீங்கள்? மேல் மண்டபத்தில உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறம்.'

"தம்பி, இது என்ன கூட்டம்?" என்றார் டிலக்சனிடம்.

"எங்கட அப்பப்பாவின்ர முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி, சேர்."

அப்போதுதான் மேடையில் மாலை போட்டிருந்த படம் அவர் கண்ணில் பட்டது. மன்னிப்புக் கேட்க முன்வரிசைக்கு ஓடினார்.

இறந்தவரின் மனைவியான அந்த அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டன், தம்பி. உங்களுக்கு முதல் பேசின ஒன்பது பேரும் தங்களைப் பற்றித்தான் கதைச்சவை. எந்த நாட்டு ராசாவோ தெரியாது, நீங்கள் ஒராள்தான் செத்த மனுசனைப் பற்றிக் கதைச்சனீங்கள்."