முதல் கையெழுத்து

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்த மகிழினிக்கு வேலை கிடைத்துவிட்டது. கூடப் படித்தவர்களில் முதலில் கிடைத்தது அவளுக்குத்தான். "மெஷின் எழுதுற எந்த புரோகிராமும் டிகிரி படிச்சவங்க கையெழுத்து இல்லாம ஓடக்கூடாதுன்னு சட்டமாம்," என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "மொதக் கையெழுத்துக்கு மேல பிள்ளையார் சுழி போட மறந்துடாதடி."

முதல் நாள், இயந்திரம் எழுதிய புரோகிராம் ஒன்று திரையில் வந்தது. குழந்தைகளுக்கு எவ்வளவு மருந்து ஏற்ற வேண்டும் என்று மருத்துவமனையில் தீர்மானிக்கப்போவது அதுதான். மகிழினி வாசிக்கத் தொடங்கினாள்.

"படிக்கல்லாம் நேரமில்லம்மா, நிமிஷத்துக்கு ஒண்ணு வரும்," என்று மேலாளர் ஒரு தடித்த நோட்டை நீட்டினார். "இதுல கையெழுத்து மட்டும் போடு."

"தப்பு இருந்தா சார்?"

"அதுக்குத்தானே டிகிரி கேட்டோம்? மெஷினப் பிடிச்சு ஜெயில்ல போட முடியுமா?"

அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு முன்னாடி இந்த சீட்ல யார் சார் இருந்தாங்க?"

"கற்பகவல்லின்னு ஒரு பொண்ணு. ஏழு மாசம் இருந்துச்சு. இப்ப உள்ள இருக்கு."

அவர் போனதும் மகிழினி நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். கற்பகவல்லியின் முதல் கையெழுத்துக்கு மேலே, சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.